சுரபுன்னைக் காட்டுல ஒரு எர்ரர் மெசேஜ்!

பிச்சாவரம் படகுத் துறை. சாயங்காலம் மூணரை மணி. சொல்லி வெச்ச மாதிரி மழை. படகுல இருந்து இறங்கி, முழங்கால் வரைக்கும் சேறோட டீக்கடைக்கு ஓடினோம். நான், எதிர்வீட்டு அக்கா, அக்காவோட லேப்டாப். இதுல லேப்டாப் மட்டும்தான் நனையலை. பாலிதீன் கவர்ல சுத்தி, குழந்தை மாதிரி மடியில வெச்சிருந்தாங்க.

அக்கா கடல் சார்ந்த படிப்புல எம்.எஸ்ஸி. ரெண்டாவது வருஷம். வனத்துறை அனுமதியோட, காட்டுக்குள்ள பத்து மீட்டருக்குப் பத்து மீட்டரா 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் என்னென்ன மரம், எத்தனைனு எண்ணியிருக்காங்க. கடைசிக் கட்டத்தை அன்னிக்குத்தான் முடிச்சாங்க. மறுநாள் காலையில ஒன்பதரைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி எட்டு மணிக்குள்ள அட்டவணையும் படமும் கைடுக்கு மெயில்ல போயாகணும்.

டீ சொல்லிட்டு, லேப்டாப்பைத் திறந்து ‘ஆர்’ மொழியை ஓட்டினாங்க. சிவப்பு எழுத்துல ஒரே ஒரு வரி வந்துச்சு... ‘வீகன்’னு ஒரு பேக்கேஜே இங்க இல்லையாம்!

அக்கா மெதுவா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

இங்க ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். போன வாரம் அந்த லேப்டாப் படுத்துடுச்சு. ‘நீ இன்ஜினீயரிங் படிக்கிற பையன்தானேடா’னு எங்கிட்ட கொடுத்தாங்க. நான் படிக்கிறது மெக்கானிக்கல்னு சொன்னா நம்ம தெருவுல யாரு கேக்குறா? ஃபார்மட் பண்ணி, ஆரைப் புதுசா ஏத்தி, ‘எல்லாம் பக்காக்கா’னு கெத்தா திருப்பிக் கொடுத்தேன். அந்த ‘எல்லாம்’ங்கிற வார்த்தையிலதான் தப்பு. ஆரை ஏத்தினா ஆர் வரும். வீகன் வராது. அதைத் தனியா ஏத்தணும். அது எனக்கு அப்போ தெரியாது.

போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடு. அதுவும் வந்து வந்து போகுது.

கூடவே ஒதுங்கின படகுக்கார அண்ணன் எங்க புலம்பலைக் கேட்டுட்டு, ஈரத் துண்டைப் பிழிஞ்சுகிட்டே சொன்னார்... ‘துடுப்பு படகுலயே இருக்கும் தம்பி. குடையை நீங்கதான் மறக்காம கொண்டாரணும்.’

அவர் மழையைப் பத்திதான் சொன்னார். ஆனா, ஆர் மொழியில பாதிப் பேர் முட்டிக்கிற விஷயமே அதுதான்!

யாரு இந்த ஆர்?

அமெரிக்காவுல இருந்த பெல் ஆய்வகத்துல ஜான் சேம்பர்ஸும் அவரோட சகாக்களும் 1976-ல புள்ளிவிவரக் கணக்குக்காகத் தொடங்கின மொழி ‘எஸ்’. அதோட ஜாடையில, நியூசிலாந்துல ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர் 1990-களின் தொடக்கத்துல உருவாக்கினதுதான் ‘ஆர்’. ரெண்டு பேரோட பேரும் ‘ஆர்’ எழுத்துலதான் ஆரம்பிக்குது. பேர் வந்த கதை புரியுதா?

1995-ல அதை யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு திறந்து விட்டாங்க. 1997-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. மொழியோட மையத்தைக் கவனிச்சுக்க ‘ஆர் கோர்’னு ஒரு குழு அமைஞ்சது. உலகத்துல யார் பேக்கேஜ் எழுதினாலும் போட்டு வைக்க ‘க்ரான்’னு ஒரு பொதுக் கிடங்கு தொடங்குச்சு. முதல் முழுப் பதிப்பு, அதாவது 1.0.0 வந்த தேதி 2000-ம் வருஷம் பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒருதடவைதான் பர்த்டே ட்ரீட்!

கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்த அந்தக் குழுவும் கிடங்கும்தான் இன்னிக்கும் நம்ம கதைக்கு ரெண்டு ஹீரோக்கள். ஒண்ணு உள்ளே. இன்னொண்ணு வெளியே.

கட்டிலும் கொசுவலையும்

ஹாஸ்டல்ல சேர்ந்த முதல் நாளை நினைச்சுக்கோங்க. ரூமைத் திறந்தா கட்டில் இருக்கும், மேஜை இருக்கும், ஃபேன் இருக்கும். இதெல்லாம் ரூமோடயே வர்றது. ஆர்லயும் அப்படி 14 ‘பேஸ்’ பேக்கேஜ்கள் இருக்கு. அதுல ஏழு பேர், நீங்க ஆரைத் திறந்ததுமே கூப்பிடாமலே வந்து நிப்பாங்க. பேஸ், ஸ்டாட்ஸ், கிராஃபிக்ஸ், ஜிஆர்டிவைசஸ், யூட்டில்ஸ், டேட்டாசெட்ஸ், மெத்தட்ஸ். சராசரி எடுக்கிறது, கோடு பொருத்துறது, டி-டெஸ்ட், ஹிஸ்டோகிராம்... செமஸ்டர் லெவல் கணக்கு முக்கால்வாசி இதுலயே முடிஞ்சுடும். மீதி ஏழும் அதே ரூம்லதான் இருக்கு, ஆனா அலமாரிக்குள்ள. பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் வரும்.

அடுத்து, சில ஹாஸ்டல்கள்ல சேரும்போதே கையில ஒரு கிட் கொடுப்பாங்களே, அது மாதிரி 15 ‘ரெகமண்டட்’ பேக்கேஜ்கள். பொதுவா நீங்க இறக்குற ஆர்கூடவே இதுவும் வந்துடும். லாட்டிஸ், சர்வைவல், க்ளஸ்டர், மேட்ரிக்ஸ்னு ஒரு பட்டாளம். இதுல ஒருத்தர் பேரு ‘மாஸ்’! நிஜமாங்க. வெனபிள்ஸ், ரிப்ளினு ரெண்டு பேர் எழுதின புள்ளியியல் புத்தகத்துக்குத் துணையா வந்த பேக்கேஜ் அது. புத்தகத் தலைப்போட முதல் எழுத்துகளைச் சேர்த்தா அந்தப் பேர் வரும். பேருக்கேத்த மாதிரி இந்தக் கதையில நடுவுல என்ட்ரி கொடுப்பார், பாருங்க.

மூணாவது வகை, பக்கெட்டும் கொசுவலையும். நீங்களே கடைக்குப் போய் வாங்கணும். அந்தக் கடைதான் க்ரான். 2023-லயே அங்க இருக்கிற பேக்கேஜ்களோட எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிடுச்சு. படம் வரையிற ‘ஜிஜிப்ளாட்2’, டேட்டாவைப் பிரிச்சு மேயிற ‘டிப்ளையர்’, காட்டுல மரம் எண்றவங்களுக்கான ‘வீகன்’ எல்லாம் இந்த வகைதான். இந்த வீகனுக்கும் வெஜிடபிள் பிரியாணிக்கும் சம்பந்தம் இல்லை பாஸ். தாவர, உயிரினக் கூட்டங்களைப் படிக்கிற சூழலியல்காரங்க கட்டின பேக்கேஜ் அது.

இப்போ முக்கியமான பாயின்ட். கடையில இருக்கிறது வேற, உங்க ட்ரங்க் பெட்டியில இருக்கிறது வேற, மேஜை மேல இருக்கிறது வேற. ‘இன்ஸ்டால்’ பண்றதுன்னா கடையில இருந்து பெட்டிக்குக் கொண்டுவர்றது. ஒருதடவை பண்ணினா போதும். ‘லைப்ரரி’னு கூப்பிடுறது பெட்டியில இருந்து மேஜைக்கு எடுக்கிறது. ஆரை மூடித் திறக்கும்போதெல்லாம் பண்ணணும்.

எர்ரர் மெசேஜைக் கொஞ்சம் நிதானமா படிச்சா, எங்கே தப்புன்னு அதுவே சொல்லிடும். ‘அந்த ஃபங்ஷனைக் காணோம்’னு வந்தா, ஒண்ணு ஸ்பெல்லிங் தப்பா இருக்கும், இல்லேன்னா மேஜைக்கு எடுக்க மறந்திருப்பீங்க. ‘அந்தப் பேர்ல பேக்கேஜே இல்லை’னு வந்தா, பெட்டியிலயே இல்லை. கடைக்குத்தான் போகணும்.

எங்களுக்கு வந்தது ரெண்டாவது. கடை க்ரான்ல இருக்கு. நாங்க சேத்துல இருக்கோம்.

துடுப்பை வெச்சே ஓட்டினோம்

‘சரி, வீகனை எதுக்குக்கா கேக்குறீங்க?’னு கேட்டேன். ரெண்டு வேலை. ஒண்ணு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘ஷானன் குறியீடு’ கண்டுபிடிக்கணும். ஒரு இடத்துல எத்தனை வகை மரம் இருக்கு, அது எவ்வளவு சமமா கலந்திருக்குங்கிறதை ஒரே நம்பர்ல சொல்ற கணக்கு அது. ரெண்டு, எந்தக் கட்டமும் எந்தக் கட்டமும் ஒரே ஜாடைனு காட்டுற ஒரு படம்.

‘ஃபார்முலா ஞாபகம் இருக்கா?’

அக்கா சொன்னாங்க. ஒவ்வொரு மரமும் மொத்தத்துல எத்தனை பங்குனு எடு. அந்தப் பங்கை அதோட லாகரிதத்தால பெருக்கு. எல்லாத்தையும் கூட்டு. முன்னாடி ஒரு மைனஸ் போடு. அவ்வளவுதான்!

ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தோம். 100 மரம். வெண்கண்டல் 50, சுரபுன்னை 30, தில்லை 20. (ஆமா, சிதம்பரத்துக்குத் ‘தில்லை’னு பேர் வந்ததே அந்த மரத்தாலதான். அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்துனு அண்ணன் படகுலயே எச்சரிச்சுட்டார்.) கணக்கு போட்டா 1.03. அதே 100 மரத்துல வெண்கண்டல் மட்டும் 90, மத்தது அஞ்சு அஞ்சுனா? 0.39-க்கு இறங்கிடுது. ரெண்டு இடத்துலயும் மூணு வகைதான். ஆனா, ஒண்ணு கலவையான காடு. இன்னொண்ணு கிட்டத்தட்ட ஒரே மரம்.

வகுக்கிறது, லாக், கூட்டுறது... மூணுமே பேஸ்லயே இருக்கு. இன்டர்நெட்டே வேண்டாம். ஒரே வரியில எழுதி 12 கட்டத்துக்கும் ஓட்டினேன். கெத்தா என்டர் தட்டினேன்.

திரை முழுக்க ‘நம்பரே இல்லை’னு பதில்!

டீ ஆறிப்போச்சு. அஞ்சு நிமிஷம் முழிச்ச பிறகு அக்காதான் பிடிச்சாங்க. எல்லாக் கட்டத்துலயும் எல்லா மரமும் இருக்காது இல்லையா? இல்லாத மரத்துக்கு எண்ணிக்கை பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தோட லாக் மைனஸ் முடிவிலி. அதைப் பூஜ்ஜியத்தால பெருக்கச் சொன்னா ஆர் கையை விரிச்சுடுது. ஒரே ஒரு பூஜ்ஜியம் இருந்தாலும் மொத்தக் கூட்டலும் காலி. பூஜ்ஜியங்களைத் தள்ளிட்டு இருக்கிற மரத்தை மட்டும் கூட்டச் சொன்னதும் 12 நம்பரும் வரிசையா வந்து விழுந்துச்சு.

வீகன்ல இருக்கிற ‘டைவர்ஸிட்டி’ ஃபங்ஷன் இந்தப் பூஜ்ஜியத்தை எல்லாம் தானே பார்த்துக்கும். அதை எழுதினவங்க நமக்கு முன்னாடியே இந்தக் குழியில விழுந்து எழுந்தவங்க. பேக்கேஜ்னு நாம இறக்குறது வெறும் ஃபார்முலாவை இல்லை. அந்த அனுபவத்தையும் சேர்த்துதான்.

மாஸ் என்ட்ரி... மாஸ் எக்ஸிட்!

ரெண்டாவது வேலை, படம். ரெண்டு கட்டத்துக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு அளக்க சூழலியல்காரங்க ‘ப்ரே-கர்ட்டிஸ்’ங்கிற அளவைப் பயன்படுத்துவாங்க. ஸ்டாட்ஸ்ல தூரம் அளக்க ‘டிஸ்ட்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அதுல யூக்ளிட் இருக்கு, மன்ஹாட்டன் இருக்கு, ப்ரே-கர்ட்டிஸ் இல்லை. ஆனா, மன்ஹாட்டன் தூரத்தை ரெண்டு கட்டத்துலயும் இருக்கிற மொத்த மரங்களோட எண்ணிக்கையால வகுத்தா அதுதான் ப்ரே-கர்ட்டிஸ்! அதையும் கையாலயே போட்டோம்.

அந்தத் தூரங்களை வெச்சு 12 கட்டத்தையும் ஒரு தாள்ல புள்ளி புள்ளியா பரப்பணும். அதுக்குத்தான் நம்ம ‘மாஸ்’. ரெகமண்டட் பேக்கேஜ் ஆச்சே, இன்ஸ்டால் பண்ணாமலே பெட்டியில இருந்தார். அவர்கிட்ட ‘ஐசோஎம்டிஎஸ்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. கூப்பிட்டோம்.

மாட்டேன்னுட்டார்!

காரணம் பிச்சாவரமே. நாலாவது கட்டத்துலயும் ஒன்பதாவது கட்டத்துலயும் வெண்கண்டலைத் தவிர ஒரு மரம் இல்லை. ரெண்டுலயும் எண்ணிக்கை 14. அப்போ நடுவுல தூரம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத் தூரம் இருந்தா ஐசோஎம்டிஎஸ் எர்ரர் கொடுத்துட்டு நின்னுடும். வீகன்ல இதே வேலைக்கு இருக்கிற ‘மெட்டாஎம்டிஎஸ்’ அதைச் சமாளிக்கும். அதோட, ஒரே ஒரு இடத்துல இருந்து தொடங்காம பல இடத்துல இருந்து திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, நல்ல பொருத்தத்தைத் தேடும்.

‘ஒரு கட்டத்தைத் தூக்கிடலாமாக்கா?’னு கேட்டேன்.

அக்கா முறைச்சாங்க. ‘சேத்துல நின்னு எண்ணினது நான். எர்ரர் வருதுன்னு காட்டுல இருக்கிற மரத்தை இல்லைன்னு சொல்லச் சொல்றியா?’

கப்சிப்.

மழை விட்டதும் கிள்ளை வழியா சிதம்பரம் பஸ்ஸைப் பிடிச்சோம். பஸ் ஸ்டாண்டுல நாலு கோடு சிக்னல். என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு வீகனை இறக்கினோம். அது தனியா வரலை. ‘பெர்மியூட்’னு இன்னொரு பேக்கேஜையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு பேக்கேஜ் இன்னொண்ணை நம்பியிருக்கும், அதையும் சேர்த்தே ஆர் இறக்கிக்கும்.

முதல் வேலையா அக்கா என்ன பண்ணினாங்க தெரியுமா? படம் போடலை. டீக்கடையில கையால போட்ட 12 ஷானன் நம்பரையும் வீகன்ல ஓட்டிச் சரிபார்த்தாங்க. தசமப் புள்ளி வரைக்கும் ஒண்ணே! ரெண்டுமே இயல் மடக்கையில, அதான் நம்ம நேச்சுரல் லாக்ல போட்டதால அப்படி. லாக்கோட அடிமானம் 2-னு போட்டிருந்தா வேற நம்பர் வந்திருக்கும்.

ஏழே முக்காலுக்கு மெயில் போச்சு. நான் மூச்சு விட்டேன்.

18 கிராமங்களின் கணக்கு

வீட்டுக்குப் போற வழியில அக்கா ஒரு கதை சொன்னாங்க. இதே கடற்கரையில நடந்த நிஜக் கதை.

2004 டிசம்பர் 26. சுனாமி. கடலூர் மாவட்டக் கடலோரத்துல நூற்றுக்கணக்கான உயிர்கள் போச்சு. அதுக்கு அப்புறம் இந்தப் பக்கத்துல திரும்பத் திரும்பக் கேட்ட வார்த்தை, ‘காடு இருந்த ஊர் தப்பிச்சுது’. அது உண்மையா?

பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. அங்கிருந்த கதிரேசனும், அவரோட ராஜேந்திரனும் சேர்ந்து இந்தக் கரையோரத்துல 18 மீனவக் குக்கிராமங்களை ஆராய்ஞ்சாங்க. கடல்ல இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, முன்னாடி எவ்வளவு காடு, எத்தனை உயிரிழப்பு, எவ்வளவு பொருள் இழப்பு... 2005-ல கட்டுரை வெளியாச்சு. காட்டோட பரப்பு, கடல்ல இருந்து தூரம், மேடு, இந்த மூணும் கூடக்கூட இழப்பு குறைஞ்சிருக்குனு சொன்னாங்க. கரையில இருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால, மேடான இடத்துல, அடர்ந்த காட்டுக்குப் பின்னாடி ஊரை அமைக்கணும்ங்கிறது அவங்க பரிந்துரை.

2006-ல அதே ஆய்விதழ்ல கெர், பெயர்டு, கேம்ப்பெல்னு மூணு பேர் மறுப்பு எழுதினாங்க. அதே 18 ஊர், அதே டேட்டா. ஆனா, அவங்க கேட்ட கேள்வி வேற. ‘தூரமும் மேடும் ஒரே அளவா இருக்கிற ஊர்களை எடுத்துக்கிட்டா, அப்பவும் காடு வித்தியாசம் காட்டுதா?’ காட்டலைங்கிறது அவங்க முடிவு. அதாவது, காட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஊர் கடலுக்குத் தள்ளியும் மேட்டுலயும் இருந்தா, காப்பாத்தினது காடா, தூரமானு எப்படிப் பிரிக்கிறதுங்கிற சிக்கல். அதே வருஷம் வெர்மாட், தம்பான்யானு ரெண்டு பேர் அதே டேட்டாவை இன்னொரு விதமா அலசி, ‘இல்லை, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைக்குது’னு பதில் எழுதினாங்க.

யோசிச்சுப் பாருங்க. 18 வரிதான் டேட்டா. ஆனா, அந்த 18 வரிக்குள்ள இருக்கிறது செத்துப்போன மனுஷங்க. அந்தக் கணக்கை வெச்சுத்தான் அடுத்த ஊரை எங்க கட்டுறது, காட்டை வளர்க்கிறதா, மேட்டுக்கு நகர்றதானு பேசுவாங்க.

இன்னிக்கு நீங்களோ நானோ அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கணும்னா என்ன பேக்கேஜ் வேணும்? ஒண்ணும் வேண்டாம்! ஸ்டாட்ஸ்ல இருக்கிற ‘எல்எம்’ போதும். ஆரைத் திறந்ததுமே அது மேஜை மேல இருக்கு. ஒரு தடவை காட்டை மட்டும் போட்டு ஓட்டுங்க. இன்னொரு தடவை தூரத்தையும் மேட்டையும் சேர்த்து ஓட்டுங்க. பதில் ஏன் மாறுதுனு யோசிங்க. 20,000 பேக்கேஜை இறக்கினாலும், எந்தக் கேள்வியைக் கேக்குறதுங்கிறதை மட்டும் எந்தப் பேக்கேஜும் சொல்லித் தராது.

எல்லாத்தையும் உள்ளயே வெச்சா என்ன?

எனக்கும் இதே சந்தேகம்தான். அக்காகிட்ட கேட்டுட்டு, அப்புறம் நானே கொஞ்சம் நோண்டினேன்.

உள்ளே இருக்கிறதை ஆர் கோர் குழு பார்த்துக்குது. அவங்க எதையும் சட்டுனு மாத்த மாட்டாங்க. பழைய கோடு ஓடணுமே! வெளியில இருக்கிறதுக்கு அதை எழுதினவங்கதான் பொறுப்பு. வேகமா வளரும். அதே சமயம், பரிசோதனையில வர்ற கோளாறைச் சரிசெய்ய ஆள் இல்லேன்னா, க்ரான் அதைப் பழைய கோப்புக் கிடங்குக்கு அனுப்பிடும். சில சமயம் எழுதினவங்களே ஓய்வும் கொடுப்பாங்க. வரைபட வேலைக்கு வருஷக்கணக்கா எல்லாரும் நம்பியிருந்த ‘ஆர்ஜிடால்’, ‘ஆர்ஜியோஸ்’, ‘மேப்டூல்ஸ்’ மூணும் முன்கூட்டியே அறிவிச்சுட்டு 2023 அக்டோபர்ல விடைபெற்றது. அந்த வேலையை இப்போ ‘எஸ்எஃப்’பும் ‘டெர்ரா’வும் செய்யுது. சீனியர் கொடுத்த பழைய கோடு ஏன் ஓட மாட்டேங்குதுனு மண்டையைப் பிச்சுக்கிறவங்க இதை ஒரு தடவை செக் பண்ணுங்க.

வெளியில இருந்து உள்ள வந்தவங்களும் உண்டு. ஒரே நேரத்துல பல கோர்களை வேலை வாங்க வெளியில ‘மல்ட்டிகோர்’, ‘ஸ்னோ’னு ரெண்டு பேக்கேஜ் இருந்துச்சு. 2011-ல அவங்களை அடித்தளமா வெச்சு ‘பேரலல்’ங்கிற பேக்கேஜ் ஆருக்குள்ளயே வந்துடுச்சு. ஒரு ஃபங்ஷனோட விடையை அடுத்த ஃபங்ஷனுக்குத் தள்ளிவிடுற ‘பைப்’ குறி, ‘மாக்ரிட்டர்’ங்கிற வெளி பேக்கேஜால பிரபலமாச்சு. 2021-ல ஆர் தன்னோட சொந்தப் பைப்பையே கொண்டுவந்துச்சு. 2025-ல வந்த 4.5.0 பதிப்புல பென்குவின் டேட்டாகூட டேட்டாசெட்ஸுக்குள்ள குடியேறிடுச்சு. அதுவரைக்கும் அதுக்குத் தனி பேக்கேஜ்!

ஒரே பேர்... ரெண்டு பேர்!

இன்னொரு காமெடி. டிப்ளையரை மேஜைக்கு எடுத்ததும் ஆர் ஒரு சேதி சொல்லும். ஸ்டாட்ஸ்ல இருக்கிற ‘ஃபில்ட்டர்’, ‘லேக்’ ரெண்டையும் இது மறைக்குதுனு. நாம அதைப் படிக்காமலே தள்ளிவிட்டுடுவோம். ஸ்டாட்ஸ் ஃபில்ட்டர் காலவரிசை டேட்டாவை வடிகட்டுறது. டிப்ளையர் ஃபில்ட்டர் வேண்டிய வரிகளைப் பொறுக்குறது. பேர் ஒண்ணு, வேலை வேற.

நம்ம க்ளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா என்ன பண்ணுவோம்? இனிஷியல் போட்டுக் கூப்பிடுவோம். ஆர்லயும் அதேதான். பேக்கேஜ் பேர், ரெண்டு முக்காற்புள்ளி, அப்புறம் ஃபங்ஷன் பேர். ‘எந்த வீட்டுப் பிள்ளை’னு தெளிவா சொல்லிட்டா குழப்பமே இல்லை.

ரிவ்யூவுக்கு முன்னாடி... ஒரு செக்லிஸ்ட்!

* ஃபீல்டுக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாளே, வைஃபையை அணைச்சுட்டு முழுக் கோடையும் ஒருதடவை ஓட்டுங்க. இல்லாதது எதுனு வீட்டுலயே தெரிஞ்சுடும்.

* சிக்னல் இல்லாத இடத்துக்குப் போறீங்களா? பேக்கேஜ் ஃபைலை பென் டிரைவ்ல வெச்சுக்கோங்க. அதை ஃபைல்ல இருந்தே ஏத்தலாம். ஆனா, ஆர் பதிப்புக்குப் பொருந்தணும். அது நம்பியிருக்கிற மத்த பேக்கேஜ்களும் கூடவே இருக்கணும்.

* காலேஜ் லேப் கம்ப்யூட்டர்ல அட்மின் பாஸ்வேர்டு இல்லையா? கவலை வேண்டாம். ‘உங்களுக்குன்னு தனி லைப்ரரி ஃபோல்டர் போடட்டுமா?’னு ஆர் கேக்கும். ‘சரி’னு சொல்லிடுங்க.

* விண்டோஸ்ல 4.4-ல இருந்து 4.5-க்கு மாதிரி பெரிய தாவல் தாவினா, அந்த லைப்ரரி ஃபோல்டரும் மாறும். பேக்கேஜ்களைத் திரும்ப ஏத்த வேண்டியிருக்கும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி அப்டேட் பண்ணாதீங்க, ப்ளீஸ்!

* இன்ஸ்டால் பண்ற வரியைக் கோடுக்குள்ள நிரந்தரமா வைக்காதீங்க. அது ஒருதடவை வேலை. லைப்ரரி வரிகளை மட்டும் மேலே வரிசையா வைங்க.

* ‘செஷன்இன்ஃபோ’னு தட்டினா எந்த ஆர், எந்தெந்தப் பேக்கேஜ், என்ன பதிப்புனு பட்டியல் வரும். ரிப்போர்ட்டோட பின்பக்கத்துல சேர்த்துடுங்க. ‘சைட்டேஷன்’னு கேட்டா, பேக்கேஜ் எழுதினவங்களுக்கு எப்படி நன்றி போடணும்னு அதுவே சொல்லித் தரும். இலவசமா கொடுத்தவங்களுக்குப் பேராவது போடணும் இல்லையா?

கட்டக் கடைசியா...

மறுநாள் ரிவ்யூவுல அக்காவோட அட்டவணையைப் பார்த்து ஒரு பேராசிரியர் கேட்டாராம்... ‘நாலாவது கட்டத்துல ஷானன் குறியீடு பூஜ்ஜியம்னு போட்டிருக்கே, டைப்பிங் மிஸ்டேக்கா?’

சாதாரணமா இந்தக் கேள்விக்கு ‘சாஃப்ட்வேர்ல அப்படித்தான் சார் வந்துச்சு’னுதான் பதில் சொல்வோம். அக்கா சொல்லலை. போர்டுல ஃபார்முலாவை எழுதி, ஒரே மரம்னா அதோட பங்கு ஒண்ணு, ஒண்ணோட லாக் பூஜ்ஜியம், அதனால குறியீடும் பூஜ்ஜியம்னு காட்டினாங்களாம். ‘அந்த இடத்துல வெண்கண்டலைத் தவிர வேற மரமே இல்லை சார், நானே நின்னு எண்ணினேன்’னு முடிச்சாங்களாம். அதுக்கப்புறம் கேள்வி இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ‘நீ வீகனை ஏத்தாம விட்டது ஒரு விதத்துல நல்லதுதான்டா’னு சொல்லிட்டு, தலையில ஒரு கொட்டும் வெச்சுட்டுப் போனாங்க. எது நிஜம்னு இன்னும் தெரியலை!

ஆனா ஒண்ணு. இப்போ யார் லேப்டாப்பை ஃபார்மட் பண்ணக் கொடுத்தாலும், முதல் கேள்வியா ‘என்னென்ன பேக்கேஜ் வெச்சிருந்தீங்க?’னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கிறேன். துடுப்பு படகுலயே இருக்கும். குடையை நாமதான் ஞாபகமா எடுத்து வைக்கணும்!